பூக் கேக்கப் போறோம்

இப்படித் தள்ளி உக்காரு கண்ணு. அந்தக் கூடைய மட்டும் மிதிச்சுப்போடாத. இரு, நானே மடியில வெச்சுக்கறேன். தேங்கா பழம் மிதிபட்டாக்கூட வேற வாங்கிக்கலாம், இதுல பூப் பொட்டணம் இருக்குது. சாமி காரியம்.

நீ கரூர் வரைக்குமா? அப்ப நான் உனக்கு முன்னாலயே எறங்கிருவேன். சாலக்காட்டுப் பிரிவு. அங்கிருந்து கொஞ்சம் உள்ள நடந்தா எங்க செல்லாண்டியாத்தா கோயில். எங்க கொலசாமி. நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட, பெரிய கோயில் எல்லாம் இல்ல. ஒரு மேடை, ஆத்தாளுக்குப் பின்னால ஆளு மறையற அளவுக்கு ஒரு செவுரு, மேல ஓடு போட்ட கொட்டாய், சுத்தியும் காடு.

அதா, டிரைவருக்குப் பின்னால மொதச் சீட்டுல, முடிய ஒட்ட வெட்டிட்டு ஜன்னலோரமா உக்காந்திருக்கறாளே, அவதான் என்ற பொண்ணு. மோகனா. கால நீட்டி உக்காரோணும், அதனால கண்டக்டர்கிட்டச் சொல்லி அங்க உக்கார வெச்சேன். காலுக்குள்ள கம்பி வெச்சிருக்குது. பாத்தா என்ன வேலை பண்றான்னு நெனைக்கற? டீச்சரா? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. பட்டாளத்துல ஆபீசரு கண்ணு. ஏர்போர்சு. ஹெலிகாப்டர் ஓட்டறா. நெசமாத்தான் சொல்றேன், சிரிக்காத.

நான் மெதுவாத்தான் பேசுவேன், காதக் குடுத்துக் கேட்டுக்க. அவளுக்கு எட்டக் கூடாது. நீ வேத்தூருக்காரி, இனி உன்ன நான் எங்க பாக்கப் போறேன். அதனாலதான் வாய் வருது. ஊருக்குள்ள இத ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. கூடப் பொறந்தவன்கிட்டக்கூடச் சொன்னதில்ல. நெஞ்சுக்குள்ளயே கெடந்து என்னத் தின்னுட்டு இருக்குது.

பூக் கேக்கறதுன்னா தெரியுமா உனக்கு? எங்க சனத்துல எது பண்றதுன்னாலும் ஆத்தாகிட்டப் பூக் கேட்டுட்டுத்தான். வெள்ளரளி ஒரு பொட்டணம், செவ்வரளி ஒரு பொட்டணம். பூவரச எலையில மடிச்சு நூலுல கட்டோணும். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணாத் தெரியோணும். புள்ளைக்காகக் கேக்கறதுன்னா பெத்தவ கையால வூட்டுலயே கட்டிட்டுப் போகோணும். பூசாரி அத வாங்கி ஆத்தா காலடியில கலந்து போடுவாரு. யாருக்காகக் கேக்கறமோ அவிங்க கண்ண மூடிட்டு ஒண்ண எடுக்கோணும். எடுத்ததும் பிரிச்சரக் கூடாது. உள்ளங்கையில மூடிட்டு ஆத்தாள மூணு சுத்துச் சுத்தி வந்து, முன்னால நின்னு பிரிக்கோணும். வெள்ளை வந்தா செய்யின்னு அர்த்தம். சிவப்பு வந்தா வேண்டாம். எடுக்காத பொட்டணத்த யாரும் பிரிச்சுப் பாக்கக் கூடாது. பூசாரி அப்படியே கெணத்துல போட்டுருவாரு. ஆத்தா குடுக்காதத மனுசன் பாக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எங்கூட்டுக்காரரு லாரி வாங்கறப்ப பூக் கேக்கல. நான் சொன்னேன், கால்ல விழாத கொறையாச் சொன்னேன். "லாரிக்கு எதுக்குடி பூவு, டயரு நல்லா இருந்தாப் பத்தாதா"ன்னு சிரிச்சாரு. முட்டை லோடு ஏத்திட்டுக் கேரளா போனவரு, வாளையாறு தாண்டல. மோகனா அப்ப பள்ளிக்கூடத்துல சின்ன வகுப்பு. யூனிபாரத்தோட வந்து நின்னு, "அப்பா டயரு நல்லாத்தானம்மா இருந்துச்சு"ன்னு கேட்டா.

அதுக்கப்பறம் நான் பூக் கேக்காம எதுவும் பண்ணதில்ல. மாடு வாங்க, போரு போட, அவளக் காலேஜுல சேக்க, எல்லாம் கேட்டுத்தான். காலேஜுக்கு வெள்ளைதான் வந்துச்சு. அதையும் சொல்லோணுமில்ல.

கோயமுத்தூரு காலேஜுலதான் வினை. அங்க என்.சி.சி.ன்னு ஒண்ணு, அதுலயும் ஏர் விங்காம். ஒரு நா சின்ன ஏரோப்பிளேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. லீவுக்கு வந்தவ சோத்துத் தட்ட முன்னால வெச்சுட்டுப் பேசறா பேசறா, சோறு காஞ்சு போச்சு. "மேகத்தோட நெழலு காட்டு மேல மெதுவா ஊர்ந்து போகுதும்மா, மேல இருந்து பாத்தா ஆடு மேயற மாதிரியே இருக்குது"ங்கறா. அவ கண்ணப் பாத்தேன். லாரி வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்துனப்ப அவ அப்பன் கண்ணு இருந்துச்சே, அதே கண்ணு.

வேற வழியே இல்லாமயா இருந்துச்சு? என்ற தம்பி சாமியப்பன் நூல் மில்லுல மேனேஜரு. அங்க வேலை தயாரா இருந்துச்சு. காத்தாடிக்குக் கீழ உக்காந்து பாக்கற வேலை. சரி, பட்டாளத்துக்குத்தான் போகோணுமா, அதுலயும் தரையில நின்னு பண்ற ஆபீசர் வேலை எத்தனையோ இருக்குதாம், அவளேதான் சொன்னா. "அப்ப அதுக்குப் போ சாமி, நான் வேண்டாங்கல"ன்னேன். "இல்லம்மா, நான் ஆபீசர் ஆகறதே பறக்கறதுக்குத்தான்"னா. அத்தோட பேச்சு முடிஞ்சுது. அவ அப்பன் பிடிவாதம்.

எழுத்துப் பரிட்சை எழுதுனா. மைசூருக்குக் கூப்பிட்டாங்க. அங்க வெச்சு கயிறு ஏறச் சொல்லி, படத்தக் காட்டிக் கதை எழுதச் சொல்லி, கூட்டமா உக்கார வெச்சு வாதாடச் சொல்லி, என்னென்னமோ பண்ணியிருக்காங்க. அதுல மெசின் முன்னால உக்கார வெச்சு ஒரு பரிட்சையாம். பிளேன் ஓட்டறதுக்குக் கையும் கண்ணும் ஒண்ணாப் போகுதான்னு பாக்கறது. அது ஆயுசுக்கும் ஒரு தடவதானாம் கண்ணு. தோத்துட்டா அப்பறம் எந்த வழியில போனாலும் அங்க பைலட்டு ஆக முடியாதாம். ஆத்தா, இதுல எம் புள்ளையத் தோக்கடிச்சுரு, ஒரேயடியா விட்டுப்போகும்னு வேண்டிக்கிட்டேன். பாஸ் பண்ணிப்போட்டா. அப்பறம் ஒடம்பு சோதனை. கால் நீளத்தக்கூட அளந்து பாப்பாங்களாம். அவளுக்கு அவ அப்பன் காலு, நெட்டக் காலு. இது குட்டையாப் போயிருக்கக் கூடாதான்னு நெனச்சு அழுதேன். பெத்த புள்ள காலு குட்டையா இருந்திருக்கோணும்னு எந்தத் தாயாச்சும் அழுவாளா, நீயே சொல்லு.

சேரச் சொல்லி உத்தரவு வந்துச்சு. ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு. நான் அடுப்பங்கரைய விட்டு வெளிய வரல. எல்லாரும் போன பொறகு சொன்னேன், "பூக் கேக்காம அனுப்ப மாட்டேன்"னு.

"கேட்டுக்கலாம்மா. என்ன வருதோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படோணும். வெள்ளை வந்தா நீ அழக் கூடாது"ன்னா.

"சிவப்பு வந்தா?"ன்னேன்.

"சிவப்பு வந்தா மாமன் மில்லுக்குப் போறேன்"னா. என்ற தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்தா.

அன்னைக்கு வெடியக்காலம் எந்திரிச்சுத் தல முழுகிட்டு, எங்கூட்டு வேலியோரம் செவ்வரளி பறிச்சேன். ரெண்டு பொட்டணம் கட்டுனேன். ரெண்டுலயும் செவ்வரளிதான் வெச்சேன்.

அப்படிப் பாக்காத. நான் ஒண்ணும் தப்புப் பண்ணல. பெத்தவ வேற என்ன பண்ணுவா? ஒருத்தரத்தான் பறிகுடுத்தேன், இன்னொண்ணையும் ஆகாசத்துல தூக்கிக் குடுக்கச் சொல்றியா? ஆத்தாளும் ஒரு பொம்பளைதான, அவளுக்குத் தெரியாதா என்ற வயிறு? அவ எதுக்கு மெனக்கெடோணும், நானே அவ வேலையச் சுலுவாக்கிக் குடுத்தேன்னு நெனச்சேன்.

அங்கதான் ஆத்தா எனக்குப் பாடம் காட்டிப்போட்டா.

கேளு. பூசாரி பொட்டணத்தக் கலந்து போட்டாரு. மோகனா கண்ண மூடி ஒண்ண எடுத்தா. உள்ளங்கையில மூடிட்டுச் சுத்தப் போனா. மொதச் சுத்து வந்தா, ரெண்டாவது வந்தா. மூணாவது சுத்துக்குப் பின்னால போனவளக் காணம். பூசாரி என்னப் பாக்கறாரு, நான் பூசாரியப் பாக்கறேன். "கண்ணு மோகனா"ன்னு கூப்பிட்டேன். "முள்ளுக் குத்திருச்சும்மா, வர்றேன்"னா. வந்தா. மொகமெல்லாம் வேத்திருந்துச்சு. ஆத்தா முன்னால நின்னு பொட்டணத்தப் பிரிச்சா.

வெள்ளை.

வெள்ளரளி கண்ணு. அப்பப் பூத்த பூவாட்டம் பளிச்சுனு இருக்குது. ரெண்டும் சிவப்பாக் கட்டுனவ நானு. இந்தக் கையாலதான் கட்டுனேன். பூசாரி மணிய ஆட்டறாரு, "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா"ங்கறாரு. இவ ஓடி வந்து என்னக் கட்டிப் புடிச்சா. கையெல்லாம் பிசுபிசுன்னு அரளிப் பாலு. இன்னொரு பொட்டணத்தப் பூசாரி கெணத்துல போட்டுட்டாரு. நான் யாருகிட்டப் போய் என்னன்னு கேப்பேன்? ரெண்டும் சிவப்பு வெச்சேனே, எப்படி வெள்ளை வந்துச்சுன்னா கேப்பேன்?

இன்னொண்ணு சொல்றேன், கேளு. நான் போடற முடிச்சு ஒரு முடிச்சு இல்ல, முடிச்சு மேல முடிச்சு, பல்லுல கடிச்சாத்தான் அவுறும். அவ பிரிக்கறப்ப ஒரே இழுப்புல நூலு அவுந்து விழுந்துச்சு. ஆத்தா கை பட்டா மனுசங்க போட்ட முடிச்சு நிக்குமா?

அப்பறம் நான் தனியாப் பின்னால போய்ப் பாத்தேன். கோயிலுக்குப் பின்னால ஒரு வெள்ளரளிச் செடி இருக்குது. கோயிலச் சுத்தி அந்த ஒரு செடிதான். செவ்வரளி அங்க கெடையவே கெடையாது, வூட்டுல இருந்து கொண்டுட்டுப் போனாத்தான். அந்தச் செடிக்கு அடியில கெடக்குது கண்ணு, செவ்வரளிப் பூவு! நான் பறிச்ச பூவு! ஆத்தா அந்த எடத்துலதான் நின்னு மாத்தியிருக்கறா. அப்படியே மண்ணுல விழுந்து கும்புட்டேன்.

என்ன கேட்ட? பின்னால யாராச்சும் இருந்தாங்களாவா? ஒருத்தருமில்ல. மோகனா ஒருத்திதான். அதத்தான நானும் சொல்றேன், மனுசங்க யாரும் இல்லாத எடத்துல நடந்திருக்குது.

அன்னைக்குப் புடிச்ச பயம் கண்ணு. எல்லாருக்கும் ஆத்தா கோயில்ல இருக்கறா, எனக்கு முதுகுக்குப் பின்னால இருக்கறா. சோறாக்கறப்ப நிக்கறா, துணி தொவைக்கறப்ப நிக்கறா. திரும்புனா இருக்க மாட்டா. ஆனா நிக்கறா, எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேச மாட்டா. திட்டிட்டாக்கூட நிம்மதியா இருக்கும். "என்னையே ஏமாத்தப் பாத்தியாடி, உன்ற புள்ள இனி உன்னுது இல்ல, என்னுது, எனக்கு எப்ப வேணுமோ எடுத்துக்குவேன்"னு சொல்லாமச் சொல்லிட்டு நிக்கறா. செல்போன் அடிச்சா, ஆத்தா பேர மூணு தடவ சொல்லிட்டுத்தான் எடுப்பேன்.

ஐதராபாத்துப் பக்கம் டிரெயினிங்கு. முடிஞ்சு ஆபீசர் ஆகற அன்னைக்குப் பெரிய விழா எடுப்பாங்க. பெத்தவங்க போய்ப் புள்ளைங்க தோள்ல பட்டை குத்தி விடோணும். மோகனா கூப்பிட்டா. டிக்கெட்டெல்லாம் எடுத்து அனுப்பிட்டா. நான் போகல. தம்பிய மட்டும் அனுப்புனேன். ஏன்னு கேக்கறியா? நான் அங்க போய் நின்னு பூரிச்சுச் சிரிச்சேன்னா, என்ற முதுகுக்குப் பின்னால நிக்கறவ பாத்துட்டுத்தான இருப்பா? அதனால நான் எங்கயும் சந்தோசப்படறதில்ல. பக்கத்தூட்டுல பேரு வெச்சாக்கூடப் போய்ச் சிரிக்கறதில்ல. புள்ளைய அப்படித்தான் காப்பாத்திட்டு வந்தேன்.

அவளுக்கு வருத்தந்தான். ஒரு தோள்ல மாமன் குத்தி விட்டானாம். இன்னொரு தோளுக்கு ஆளு இல்லாம நின்னாளாம். கூடப் படிச்ச பையன், தேவேந்திரன்னு, வடக்கத்திப் பையன், அவனோட அம்மா வந்து "நானும் உனக்கு அம்மாதான்"னு குத்தி விட்டுச்சாம். போன்ல சொல்லிட்டு அழுதா. "அழுவாத கண்ணு, எனக்கு மாட்ட விட்டுட்டு வர முடியல"ன்னேன்.

அந்தத் தேவேந்திரன் பையன்தான்... சரி, அதையும் சொல்லிர்றேன்.

போன மழைக்கு வடக்க மலைப் பக்கம் வெள்ளம் வந்துச்சுல்ல. ஊரு ஊரா மாட்டிக்கிட்ட சனங்களுக்குச் சோத்துப் பொட்டணம் போடறதுக்கு இவிங்க ஹெலிகாப்டர எடுத்துட்டுப் போனாங்க. மோகனா ஒரு பக்கம், அந்தப் பையன் ஒரு பக்கம். ஒரே மூடுபனி. மலைக்கு மலை ஏதோ கம்பி இழுத்திருந்திருக்குது, அதுல மாட்டிச் சாஞ்சு விழுந்துருச்சு. அவ பக்கம் காலோட போச்சு. அவன் பக்கம்... அவன் போயிட்டான் கண்ணு. அவிங்க வூட்டுல அவனுக்குக் கல்யாணம் பேசி வெச்சிருந்தாங்க.

ஆஸ்பத்திரிக்கு நானும் தம்பியும் போனோம். அவ்வளவு தூரம் ரயில்ல போறப்ப ஆத்தாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், காலு கையு போனாலும் பரவால்ல, உசுரு இருக்கட்டும்னு. இருந்துச்சு. என்னப் பாத்ததும் கையப் புடிச்சுட்டா, விடவே இல்ல. "அம்மா, ஆத்தா அன்னைக்கு வேண்டாம்னுதாம்மா சொன்னா. நான்தாம்மா... எனக்கு வர வேண்டியத அவன் வாங்கிட்டுப் போயிட்டாம்மா"ங்கறா. மருந்து மயக்கம், புள்ள என்னென்னமோ ஒளறுது. ஆத்தா எங்க வேண்டாம்னு சொன்னா? வெள்ளை வந்தத நானும் பூசாரியும் கண்ணால பாத்தமே! சட்டுனு வாயப் பொத்திட்டேன். "ஆத்தா பேச்ச எடுக்காத கண்ணு, எடுக்கவே கூடாது"ன்னேன். அப்பறமும் ரெண்டு தடவ ஆரம்பிச்சா. நான் பேச விடல. அவ பேசப் போய், நான் கட்டுன ரெண்டு சிவப்பும் வெளிய வந்துருமோன்னு எனக்குப் பயம்.

ஆறு மாசமா வூட்டுலதான் இருக்கறா. காலு கூடிருச்சு. துளிகூட நொண்டறதில்ல, மேடு ஏறுனாத்தான் கொஞ்சம் வலிக்குதாம். டாக்டருங்க பாத்துட்டு மறுபடி ஓட்டலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா இவ மேல கட்டாயம் இல்லியாம். பறக்கறதா, இல்ல தரை வேலைக்கு மாறிக்கறதான்னு அவளே சொல்லோணுமாம். திங்கக்கெழம போய்ச் சேரோணும்.

இதுல யோசிக்க என்ன இருக்குதுங்கற? நானும் அதத்தான் நெனச்சேன். அவ எதச் சொல்லுவான்னு எனக்குத் தெரியும். பறக்காம அவளால இருக்க முடியல கண்ணு, பெத்தவளுக்குத் தெரியாதா? மேல காத்தாடி சுத்துனா நிறுத்திர்றா, அந்தச் சத்தம் அவளுக்கு வேலைய ஞாபகப்படுத்துதாட்டம் இருக்குது. மொட்டை மாடிக்கு வடகம் போடக் கூப்பிட்டா வர மாட்டேங்கறா. ஆகாசத்தப் பாத்தா ஏக்கம் வந்துரும்னுதான். மத்தியானம் கண்ணசந்தாள்னா கையி ரெண்டும் எதையோ புடிச்சு இழுக்குது, தேவேந்தர் தேவேந்தர்னு கத்தறா, எந்திரிக்கறப்ப துணியெல்லாம் நனைஞ்சு கெடக்குது. தூக்கத்துலயும் அவ ஓட்டிட்டுத்தான் இருக்கறா. இப்பக்கூடப் பாரு, அந்த முன்னாடிக் கம்பிய எப்படிப் புடிச்சிருக்கறான்னு. வெரலெல்லாம் வெளுத்துப் போச்சு. பிளேன் ஓட்டுன கை, சும்மா இருக்க மாட்டேங்குது.

போன வாரம் அவளா வந்து கேட்டா கண்ணு. நான் கேக்கல. "அம்மா, இன்னொருக்காப் பூக் கேக்கலாமா"ன்னா. அடுப்புல பாலு பொங்கி ஊத்துது, நான் பாத்துட்டே நிக்கறேன். "எதுக்கு?"ன்னேன். "எனக்கு முடிவு பண்ண முடியலம்மா. இந்தத் தடவ நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். கையில என்ன வருதோ, அப்படியே பிரிக்கறேன்"னா. அப்படித்தான பிரிக்கோணும்? புள்ளைக்கு அவ்வளவு பணிவு வந்துருச்சு.

அப்பறம் மெதுவாக் கேக்கறா, "சிவப்பு வந்தா நெசமாவே போக வேண்டியதில்லதானம்மா? யாரும் என்னக் கோழைன்னு சொல்ல மாட்டாங்கல்ல?"ன்னு. சிவப்பு வந்துருமோன்னு அவ்வளவு பயம் அவளுக்கு. "உனக்கு வெள்ளைதான் வரும் சாமி, கவலப்படாத"ன்னு வாய் வார்த்தைக்குச் சொன்னேன். மொகம் சுண்டிப் போச்சு. எழுந்து உள்ள போயிட்டா. நான் பொய் சொல்றேன்னு கண்டுபுடிச்சுட்டாளோ என்னமோ.

அன்னையிலிருந்து எனக்குத் தூக்கமில்ல. இந்தத் தடவ என்ன கட்டறது? மொறையா ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளைன்னு கட்டுனா, ஆத்தா எதத் தூக்கிக் குடுப்பாளோ. ரெண்டும் சிவப்புக் கட்டுனா என்ன ஆகும்னுதான் ஒரு தடவ பாத்துட்டேனே. சட்டிய வெளக்கிட்டு இருக்கறப்ப பளிச்சுனு பட்டுச்சு கண்ணு. ஆத்தா நான் வெச்சத அப்படியே திருப்பிப் போடறவ. சிவப்பு வெச்சேன், வெள்ளையாக்குனா. அப்ப நான் வெள்ளை வெச்சா?

ஆமா. ரெண்டுலயும் வெள்ளரளிதான். இன்னைக்குக் காலையில பறிச்சுக் கட்டுனேன். செவ்வரளிச் செடிப் பக்கமே போகல, பேருக்கு ஒரு பூக்கூடக் கூடையில இல்ல. என்ற மேல இருக்கற கோவத்துல அவ திருப்பிப்போடுவா, சிவப்பாக்கிக் குடுப்பா. எம் புள்ள தரையில நின்னுக்குவா. ஆத்தா செயிச்ச மாதிரியும் ஆச்சு, எனக்கும் என்ற புள்ள மிஞ்சுவா. இத்தன வருசத்துல எனக்கு இந்த ஒரு தடவதான் மூளை வேலை செஞ்சிருக்குது.

என்ன கண்ணு, மொகம் என்னமோ மாதிரி ஆயிருச்சு? தலை சுத்துதா? ஜன்னலத் தொறந்து விடட்டுமா?

சொல்லு, என்ன? அந்தச் செடிக்கு அடியில கெடந்த பூவா? அதுக்கென்ன? கையில பாலு இருந்துச்சுன்னு சொன்னேன், ஆமா, பூவக் கையில வெச்சிருந்தா பாலு ஒட்டாதா? இதென்ன, என்ற கையப் போட்டு இந்த நசுக்கு நசுக்கற? அவகிட்டப் பேசோணுமா? நீ எதுக்கு அவகிட்டப் பேசோணும்? வேண்டாஞ் சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும், அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடாத. சொன்னயின்னா வாக்குக் கெட்டுப்போகும். உன்ன என்ற பொண்ணாட்டம் நெனச்சுச் சொன்னேன். வாயத் தொறக்க மாட்டேன்னு என்ற கையில அடிச்சுக் குடு. அடி. ஆ, அப்படி.

அய்யோ, விசிலு குடுத்துட்டான். கண்டக்டர், சாலக்காட்டுப் பிரிவு, ஆளு எறங்கோணும்! நிறுத்துப்பா, கால் முடியாத புள்ள!

வர்றா பாரு. நான் வர்றேன்னாலும் கேக்க மாட்டா. "குடும்மா, கூடைய நான் தூக்கிக்கறேன்"ங்கறா. பாத்துப் புடி கண்ணு, பூ நசுங்கிரும்.

என்ன கேட்ட மோகனா? கட்டிட்டனாவா? கட்டிட்டேன் சாமி. மொறையாத்தான் கட்டியிருக்கறேன். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு.

பாத்தியா கண்ணு? பாத்தியா? சிரிச்சா! ஒண்ணு சிவப்புன்னதும் என்ற மொகத்தப் பாத்துச் சிரிச்சா. விழுந்ததுக்கு அப்பறம் இன்னைக்குத்தான் கண்ணு எம் புள்ள சிரிக்கறா.

நான் வர்றேன். நீ என்னமோ சொல்ல வந்த, பஸ்ஸு நின்னுருச்சு. பரவால்ல, இருக்கட்டும். சிவப்பு வரோணும்னு மட்டும் எனக்காக வேண்டிக்க.